தாத்தா வீட்டுச் செங்கல்லும் அப்பா பூசிய சிமெண்ட்டும்

குடியாத்தம் வீட்டை இடிக்கலாம் என்று முடிவானதும் ஒரு ஒப்பந்தக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். சுவரை முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். "இடிக்கிற கூலி மட்டும் குடுங்க. குப்பைய நானே அள்ளிகினு போயிடறேன், அதுக்கு ஒரு பைசா வேணாம்." எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷரா!

அந்தக் 'குப்பை' என்னவென்று பிறகு மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது.

எங்களுடையது நெசவுக்காரர் வீடு. முன்கட்டு தாத்தா கட்டியது. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய காலத்துச் செங்கல் கூரை. கூடத்தில் இரண்டு தறிக்குழி. அதில் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளாத பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாது. பின்கட்டில் இருந்த அறையை அப்பா 1994இல் கட்டினார். முழுக்க சிமெண்ட், காங்கிரீட் தளம். கட்டி முடித்த கையோடு, பழைய சுவரும் புதுசு போல இருக்கட்டும் என்று முன்கட்டின் தெருச் சுவருக்கும் சிமெண்ட் பூசிவிட்டார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் திண்ணை வரை தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு, பூசாமல் விட்டிருந்த உள்சுவர்கள் பொங்கலுக்குள் காய்ந்துவிட்டன. சிமெண்ட் பூசிய தெருச் சுவர் மட்டும் அடுத்த ஆனி வரை நமுத்துக் கிடந்தது. ஈரம் வெளியே வர வழியில்லாமல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உப்பி, ஒருநாள் ராத்திரி தெருவில் தொப்பென்று விழுந்தது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு நான்தான் தண்டம் அழுதேன்.

அப்பா மேல் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் போட்டால் மூக்கைப் பொத்தின கதைதான்.

வீட்டை இடிக்க வேண்டியதாகிப்போனதற்கு சுவர் காரணமில்லை. டெரஸைத் தாங்கிய தேக்கு உத்திரங்களின் முனைகளைக் கரையான் தின்றுவிட்டது.

மேஸ்திரி எழுபதைத் தொட்டவர். சின்ன வயதில் டெரஸ் போட்டிருக்கிறார். உத்திரத்தின்மேல் ஒல்லிச் செங்கல்லை நிற்க வைத்துக் கோணலாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்களாம். "அடிக்கிற சத்தத்த வச்சே ஜல்லி இறுகிச்சா இல்லியான்னு சொல்லிடுவேன் டீச்சர்" என்றார். அந்த ஒப்பந்தக்காரரை அனுப்பிவிட்டு இவரிடமே வேலையை ஒப்படைத்தேன்.

கடப்பாரை போடக்கூடாது என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. முன்கட்டில் வரிவரியாகக் கரணை முனையை நுழைத்து லேசாக நெம்பினார்கள். காரை பொலபொலவென்று உதிர, கல் முழுசாகக் கையோடு வந்தது. அப்பா கட்டிய அறையில் ஒரு கல் கூட அப்படி வரவில்லை. கலவை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, செங்கல்தான் நடுவில் உடைந்தது. நூற்றுக்கு இருபது தேறியிருந்தால் அதிகம்.

"சிமெண்ட்டு புடிச்சா உடாது. காரை அப்படியில்ல, போன்னு சொன்னா போயிடும்" என்றார் மேஸ்திரி.

இரண்டு பாட்டிகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பழைய கொடுவாளின் முதுகால் கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கல்லுக்கு 2 ரூபாய் கூலி. முழுசாகத் தேறியது 6,140. புதுச் செங்கல் இறக்குகூலியோடு 9 ரூபாய் சொன்னார்கள். கணக்குப் போட்டால் கூலி போக 43,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதைத்தான் அந்த மனுஷர் 'குப்பை' என்று இலவசமாக அள்ளப் பார்த்தார்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இத்தனை வருஷத்துக் கல், பலம் இருக்குமா? மேஸ்திரி இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினார். வெங்கலம் மாதிரி கணீர் என்றது. நகத்தால் கீறினேன், நகம்தான் தேய்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள், சும்மா விடுவேனா? மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கினேன். பழைய கல் 2 கிலோ 180 கிராம். 24 மணி நேரம் டிரம்மில் ஊறவைத்து எடுத்தால் 2 கிலோ 500. குடித்த தண்ணீர் 15 சதவீதத்துக்கும் கீழே. சாதாரணச் செங்கல்லுக்கு ஐ.எஸ். 1077 என்கிற இந்தியத் தர விதி சொல்லும் வரம்பு 20. சாம்பிளுக்கு இறக்கிய புதுக் கல் 2 கிலோ 750இலிருந்து 3 கிலோ 380க்குப் போனது. 23 சதவீதம். முக்கும்போதே புதுக்கல் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. ஒரு கல்லை வைத்து மொத்தச் சூளையையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் என் வீட்டுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

செங்கல் என்றாலே பசுமை என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மேல்மண்ணை வழித்து, விறகும் உமியும் எரித்துத்தானே சுடுகிறார்கள். முன்பணம் வாங்கிய கடனுக்காகச் சூளையில் அடைந்து கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தியை நம் பக்கத்தில் எத்தனை முறை படித்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தும் இதுதான் நிலை. அதனால்தான் ஒருதரம் சுட்ட கல்லை இரண்டு மூன்று வீட்டுக்காவது உழைக்க வைக்க வேண்டும் என்கிறேன். அதைத் தீர்மானிப்பது கல் இல்லை, நடுவில் இருக்கும் அரை அங்குலக் கலவை.

சுண்ணாம்புக்கல்லைச் சுட ஏறக்குறைய 900 டிகிரி போதும், சிமெண்டுக்கு 1,450 வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாகும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். உதிர்ந்த காரைக் கட்டி ஒன்றின்மேல் நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டபோது புஸ்ஸென்று நுரைத்தது. தாத்தா காலத்தில் இழுத்த காற்று என் கண்முன்னால் வெளியே போயிற்று.

இந்தப் பழைய கல்லை வைத்துக் கட்டும் புது அறைக்கு வெறும் சுண்ணாம்பு என்றால் வேலை இழுக்கும் என்றார் மேஸ்திரி. கடைசியில் ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு எம் சாண்ட் என்று ஒத்துக்கொண்டோம். கல்லை நன்றாக ஊறவைத்த பிறகுதான் வரியில் வைத்தார்கள். இல்லையென்றால் கலவையிலிருக்கும் தண்ணீரை அது திருடிக்கொள்ளும். உடைந்த கல்லெல்லாம் தரைக்கடியில் ஜல்லியாகப் போயிற்று.

உள்பக்கம் பூசவில்லை. அம்மாவுக்கு இதில் தீராத கோபம். "காசில்லாம பாதியில நின்னுடுச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவளே முந்திக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அப்பா கட்டிய அறையில் இதற்கு டிரில்லிங் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இங்கே அம்மா குழவிக்கல்லை எடுத்துவந்து, ஆணியை இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து நாலு தட்டு தட்டினாள். ஆணி நேராக இறங்கிவிட்டது. இப்போது அந்தச் சுவரில் ஏழு ஆணி இருக்கிறது, காலண்டர் இரண்டுதான்.