பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரைகளிலும் வயலோரச் சேற்றிலும் ஓடும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகளில் ஸ்டீயரிங் ஆடத் தொடங்கியதும், ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) திருகை முறுக்கிவிட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே தேய்மானம் கூடுவதோடு, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

இன்ஜினை அணைத்து, சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தண்டு), டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) என ஒவ்வொன்றின் மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். ரப்பர் உறை கிழிந்து, சேற்றுத் தண்ணீர் கலந்த கிரீஸ் காவி நிறத்தில் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், அவற்றைச் சுற்றிய விரிசலையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு உறுதியான முட்டுக் கொடுத்து, டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கான முளை). இதைப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் பேரிங்கைக் கழற்ற விடாதீர்கள். டை ராடு மூட்டை மாற்றினால் சக்கர அலைன்மென்ட்டையும் (சக்கரங்களின் நேர் அமைப்பு) அன்றே சரிபார்த்துவிட வேண்டும்.