பூ ஈக்கள்: வேலூர்க் கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் 26

கோட்டைக்கு அருகிலுள்ள பெரியார் பூங்காவுக்குக் காலை ஆறரை மணிக்கே போய்விட்டேன். வெயில் ஏறிவிட்டால் ஈயும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், என்னாலும் நிற்க முடியாது. பாதையோரத்து வெட்டுக்காயப் பூண்டில் ஏழு பூ ஈக்கள் இருந்தன. சின்னத் தேனீ என்று நினைத்துக் கடந்து போகத்தக்க உருவம்தான். ஆனால் தேனீக்கு நான்கு இறக்கைகள், இதற்கு இரண்டே. பூவுக்கு ஒரு சாண் மேலே, நூலில் கட்டித் தொங்கவிட்டாற்போல் நின்ற இடத்திலேயே நின்று, என் கையின் நிழல் பட்டதும் பக்கவாட்டில் நழுவி, மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது.

செடிகளுக்குத் தண்ணீர் விடும் அம்மா, "இன்னா சார், போயும் போயும் ஈயப் போட்டோ புடிக்கிறீங்க?" என்று கேட்டார். செடியில் அப்பும் அசுவினியைத் தின்பது இதன் புழுதான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 27

எடுத்த படங்கள் நாற்பத்தொன்று. அத்தனையும் மேலிருந்து எடுத்தவை. வயிற்றில் மஞ்சள் பட்டை இருப்பதைக் கண்டு, ஏழையும் 'இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ்' என்ற பூ ஈ இனம் என்று நேற்றிரவே பதிந்துவிட்டேன். இது அவசரப் புத்தி. இத்தகைய பட்டை வேறு பல பேரினங்களுக்கும் உண்டு. இறக்கையைப் பெரிதாக்கியபோது, எந்த நரம்போடும் சேராமல் நடுவில் தனியே ஓடும் பொய் நரம்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது பூ ஈக் குடும்பத்துக்கு அடையாளமே தவிர, இனத்துக்கு அன்று.

மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது, பூங்காவுக்குப் போகவில்லை. மாடித் தொட்டியிலுள்ள காராமணிக் கொடியின் நுனியில் அசுவினி மண்டியிருந்தது. அதன் நடுவே காலும் கண்ணுமில்லாத பச்சைப் புழு ஒன்று. தலையை இப்படியும் அப்படியும் துழாவி, தட்டுப்பட்ட அசுவினியைக் கவ்வி அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, வெறுந்தோல் ஆகும்வரை உறிஞ்சிவிட்டு உதறியது. கொடியோடு கிள்ளிக் கண்ணாடிப் புட்டியில் வைத்து, வாயை வலைத்துணியால் கட்டினேன்.

மே 9

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காட்டுக்குப் போனேன். ஓடை வற்றி, அழுகிய இலையோடு தேங்கிய குட்டைகளே மிச்சம். ஒன்றில் நீண்ட வாலுள்ள பூ ஈப் புழுக்கள் இருந்தன; அந்த வால், நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கும் குழாய். பக்கத்துப் பாறையில் கண் முழுதும் கரும்புள்ளி தெறித்த பூ ஈ ஒன்று அமர்ந்திருந்தது. 'எரிஸ்டாலினஸ்' என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மே 13

புட்டியில் ஈ வெளிவந்துவிட்டது. இரு கண்களும் உச்சியில் ஒட்டியிருப்பதால் ஆண். பெண்ணுக்கு நடுவே இடைவெளி இருக்கும். உருப்பெருக்கியில் பக்கவாட்டாகப் பார்த்தால், பின்னங்காலின் தொடைக்கு மேலுள்ள கணுவில் நீண்ட முள். இஸ்கியோடான் ஆணுக்குரிய அடையாளம் இதுதான்; மேலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும்?

மாடியில் திறந்துவிட்டதும் காராமணிப் பக்கமே போயிற்று. ஏப்ரல் 26ஆம் நாள் பதிவுகள் ஏழையும் 'பூ ஈக் குடும்பம்' என்று திருத்திவிட்டேன்.