ஒரே ஃபீல்டு, மூன்று மாடல்: மாங்கூஸில் ரெஃப்பாத் போட்ட கதை

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். பில், வாடிக்கையாளர், சரக்கு எதன் மேலும் குறிப்பு எழுத வசதி வேண்டும் என்றார் கடைக்காரர். பின்னால் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ், நடுவில் நம் கோடையும் அதையும் இணைக்கும் மாங்கூஸ் லைப்ரரி. பில், வாடிக்கையாளர், சரக்கு ஒவ்வொன்றின் அமைப்பையும் சொல்வது மாங்கூஸில் ஒரு 'மாடல்'.

ஒரு ஃபீல்டில் இருக்கும் ஐடி எந்த மாடலைச் சேர்ந்தது என்று சொல்ல மாங்கூஸில் வழக்கமாகப் போடும் 'ரெஃப்' ஒரே மாடலைத்தான் காட்டும். மூன்று ஐடி ஃபீல்டு வைக்கலாம் என்றார் கூட இருந்தவர். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு காலியாகக் கிடக்கும், நாளைக்கு சப்ளையர் வந்தால் நான்காவது முளைக்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதனால் 'ரெஃப்பாத்' என்ற வசதியை எடுத்தோம். ரெஃப்பாத்தில் மாடல் பெயருக்குப் பதில் இன்னொரு ஃபீல்டின் பெயரைக் கொடுக்கிறோம். 'எதன்மேல்' என்ற ஃபீல்டில் ஆப்ஜெக்ட்ஐடி (மோங்கோடிபி கொடுக்கும் ஐடி), 'வகை' என்ற ஃபீல்டில் மாடலின் பெயர். பாபுலேட் செய்யும்போது, அதாவது ஐடி இருக்கும் இடத்தில் அதற்குரிய முழுத் தகவலை நிரப்பும்போது, மாங்கூஸ் வகையைப் பார்த்து ஐடிகளைப் பிரித்து, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு க்வெரி அனுப்புகிறது. திரையில் 50 குறிப்பு இருந்தாலும் கூடுதலாக மூன்று க்வெரிதான்.

வகைக்கு 'ஈனம்' (enum, அனுமதிக்கும் பெயர்களின் பட்டியல்) போட்டே ஆக வேண்டும். அங்கே இருக்க வேண்டியது மாடலின் பெயர், டேட்டாபேஸில் தகவல் கிடக்கும் கலெக்ஷனின் பன்மைப் பெயர் இல்லை. ஈனம் போட்டாலும், பல குறிப்புகளை ஒரே தடவையில் மாற்றும் 'அப்டேட்மெனி' வழியாகத் தப்பான பெயர் நுழைந்துவிடும். 'ரன்வேலிடேட்டர்ஸ்' என்பதை நாமாக ஆன் செய்தால்தான் அப்டேட்டில் மாங்கூஸ் சரிபார்க்கும். தேடல் வேகமாக நடக்க, வகையையும் எதன்மேலையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டோம்.

அப்புறம், டெலீட். ஒன்று சுட்டும் இன்னொன்று உண்மையில் இருக்கிறதா என்று டேட்டாபேஸே காவல் காக்கும் ஃபாரின் கீ கட்டுப்பாடு மோங்கோடிபியில் கிடையாது. பில்லை அழித்தால் குறிப்பு அப்படியே நிற்கும், பாபுலேட் செய்தால் 'நல்' (null, வெறுமை) வரும். பில்லை அழிக்கும் இடத்திலேயே அதன் குறிப்புகளையும் அழிக்கும்படி எழுதினோம்.

உண்மையான இடக்கு வந்தது, குறிப்புகளை, அவை எதன் மேல் எழுதப்பட்டனவோ அதன் பெயர்வாரியாக வரிசைப்படுத்தக் கடைக்காரர் கேட்டபோது. பாபுலேட் ஓடுவதே குறிப்புகள் வந்த பிறகுதான், அதனால் எதிர்ப்பக்கத்துப் பெயரை வைத்து வரிசைப்படுத்த முடியாது. டேட்டாபேஸுக்குள்ளேயே தகவலைப் படிப்படியாகச் சேர்த்துக் கையாளும் அக்ரிகேஷனில், இன்னொரு கலெக்ஷனிலிருந்து தகவலை இணைக்கும் 'லுக்அப்' இருக்கிறது. ஆனால் அதற்கு எந்தக் கலெக்ஷன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஒவ்வொரு டாக்குமெண்டுக்கும் (இங்கே ஒவ்வொரு குறிப்புக்கும்) மாற்றிக் கொடுக்க வழியில்லை. ஆகவே வாடிக்கையாளர் திரையில் மட்டும் வகையை வடிகட்டி, ஒரே ஒரு லுக்அப் போட்டுப் பெயர் வரிசை கொடுத்தோம். கலந்த பட்டியலுக்குத் தேதி வரிசைதான் என்று கடைக்காரரிடம் சொன்னோம். "சரி, புதுசு மேலே இருந்தா போதும்" என்றுவிட்டார்.