பழுது பார்த்து வந்த ரெக்கார்டரில் இடது சேனல் மட்டும் கரகரத்தால்

இரண்டு எக்ஸ்எல்ஆர் சாக்கெட் (மூன்று பின் உள்ள மைக் இணைப்பு) உள்ள கையடக்க ரெக்கார்டர். இடது பக்கச் சாக்கெட் ஆடிக்கொண்டே இருந்ததால் அதைக் கழற்றிப் புதுசு போட்டு வந்தது. திரும்பி வந்தபோது ஆட்டம் போயிருந்தது, ஆனால் இடது சேனலில் முன்பு இல்லாத மூன்று கோளாறுகள் இருந்தன. ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட்) போட்டதும் படபடவென்று பொரிகிற சத்தம். பெட்டியைக் கையால் தொட்டால் குறைகிற ஹம், அதாவது ம்ம்ம் என்று தொடரும் தாழ்ந்த ரீங்காரம். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு சேனலும் சரி, மோனோவாகச் சேர்த்தால் குரல் ஒல்லியாகிப் போகிறது. மூன்றையும் ஒரே கோளாறாக நினைத்துத் தேடினால் எதுவும் பிடிபடாது. மூன்றுக்கும் காரணம் தனித்தனி.

இந்த மாதிரி நேரத்தில் கையில் இருக்கிற பெரிய உதவி வலது சேனல்தான். அதில் யாரும் கை வைக்கவில்லை. சர்க்யூட் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த அளவு எடுத்தாலும் முதலில் வலதில் எடுத்து, பிறகு இடதில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனால் கோளாறு எங்கே தொடங்குகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

திறப்பதற்கு முன் மெனுவைப் பாருங்கள். பழுது பார்க்கும்போது பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள், சில சமயம் ரீசெட்டும் செய்திருப்பார்கள். அப்போது லோ கட் (அடித்தொனியை வெட்டுவது), லிமிட்டர் (மிகையான சத்தத்தை அமுக்குவது), ஆட்டோ கேய்ன் (ஒலியைப் பெருக்கும் அளவான கேய்னைத் தானே மாற்றுவது), 20 டெசிபல் பேட் (உள்ளே வரும் சத்தத்தைக் குறைப்பது), மைக்கா லைனா என்கிற தேர்வு எல்லாமே ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். ஒரு சேனல் மைக்கிலும் மற்றது லைனிலும் இருந்தால் ஒரு பக்கம் சத்தம் செத்துப்போன மாதிரி கேட்கும். அதற்காக ஸ்க்ரூ கழற்ற வேண்டியதில்லை. தேதியும் நேரமும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனைக் கோப்புகளின் வரிசையே குழம்பிவிடும். சோதனை முழுவதும் பேட்டரியில்தான். யுஎஸ்பி சார்ஜரில் வைத்துச் சோதித்தால் சார்ஜரின் இரைச்சல் எது, ரெக்கார்டரின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது.

இனி பதிவுகள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு; லிமிட்டர், லோ கட், ஆட்டோ கேய்ன் மூன்றும் ஆஃப்; இரண்டு சேனலுக்கும் ஒரே கேய்ன். இரண்டு ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக் எடுத்து, ஒவ்வொன்றிலும் பின் 2-க்கும் பின் 3-க்கும் நடுவே ஒரு 150 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். பின் 1 சும்மா இருக்கட்டும். இதுதான் நம் பொய் மைக். வெறும் சாக்கெட்டில் இரைச்சல் கேட்டுவிட்டு முடிவுக்கு வரவே கூடாது. எதுவும் செருகாத உள்ளீடு நல்ல கருவியிலும் இரையும். இந்தப் பிளக்குகளைப் போட்டு ஃபேன்டம் ஆஃபில் 30 விநாடி, ஃபேன்டம் ஆனில் 5 நிமிடம் பதிவு செய்தேன். எந்தக் கோப்பு எண் எந்தச் சோதனை என்பதை அப்போதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நினைவில் நிற்காது.

ஹம்மை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஃபேன்டம் ஆஃபில் இரண்டு சேனலின் இரைச்சலும் 1 டெசிபலுக்குள் ஒத்துப்போனது. ஆக மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் நன்றாக இருக்கிறது. ஆன் செய்ததும் இடதில் மட்டும் பொரிச்சல். மைக்கும் இல்லை, கேபிளும் இல்லை, ஆனாலும் சத்தம் வருகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்தான், அதுவும் 48 வோல்ட் ஓடுகிற பாதையில்தான்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பின் 1-க்கும் 2-க்கும், பிறகு பின் 1-க்கும் 3-க்கும் நடுவே பாருங்கள். 44 முதல் 52 வோல்ட் வரை சரி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து ஃபேன்டத்தை அளந்து பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பின்னைத் தரையோடு (கிரவுண்ட், அதாவது பின் 1) ஷார்ட் செய்வதற்குச் சமம். 48 வோல்ட் வரும் பாதையில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சுமார் 7 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது, உண்மைதான். ஆனால் 48 வோல்ட் ஏறி நிற்கிற கப்ளிங் கெபாசிட்டரின் (அந்த வோல்ட்டைத் தடுத்து ஒலியை மட்டும் ப்ரீஆம்புக்கு விடுவது) ஒரு முனை சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கும்போது, மறுமுனை மைனஸ் 48-ஐ நோக்கிப் பாயும். அந்த முனையில் இருப்பது ப்ரீஆம்ப் சிப். பாதுகாப்பு டயோடு பலவீனமாக இருந்தால் சிப் போய்விடும். மீட்டர் முனை வழுக்கினாலும் இதே ஆபத்துதான், அதனால் சாக்கெட்டில் நேரடியாகக் குத்தாமல் ஒரு பழைய கேபிளின் மறுமுனையில் அளப்பது நல்லது.

மீட்டரில் இரண்டு சேனலும் ஒரே மாதிரிதான் காட்டின. இங்கேதான் பலரும் பவர் சரி என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் 3-லிருந்து தரைக்கு 10 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட்டில் அது உண்டாக்கும் வித்தியாசம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டரில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தக் கசிவில் ஏறக்குறையப் பாதி 150 ஓம் வழியாகப் போகும், அங்கே 0.75 மில்லி வோல்ட். கசிவு நூற்றில் ஒரு பங்கு தடுமாறினால் 7.5 மைக்ரோ வோல்ட். அந்த 150 ஓம் ரெசிஸ்டர் தன் இயல்பிலேயே எழுப்பும் இரைச்சல் 0.22 மைக்ரோ வோல்ட்தான். அதாவது மீட்டருக்குத் தெரியாத ஒரு கசிவு, காதுக்கு முப்பது மடங்குக்கும் மேல் கேட்கும். இந்தக் கோளாறைப் பிடிக்க மீட்டரைவிடப் பதிவுதான் கூர்மையான கருவி.

திறந்து பார்த்தால் புதுச் சாக்கெட்டின் பின்களைச் சுற்றிப் போர்டில் தேன் நிறத்தில் ஒரு படலம். பற்றவைத்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் ஒட்ட உதவும் பிசின். நகத்தால் தொட்டால் லேசாக ஒட்டியது. பின் 3-க்கும் பக்கத்தில் ஓடும் தரைப் பாதைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அது முழுக்க மூடியிருந்தது. நன்றாகக் காய்ந்து இறுகிய ரோசின் வகை ஃப்ளக்ஸ் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பாதி வெந்த, பிசுபிசுத்த ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். மழை ஈரம் உள்ள நாளில் சத்தம் அதிகமாகவும், காய்ந்த நாளில் குறைவாகவும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சுத்தம் செய்யும் முறை முக்கியம். பேட்டரியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து, பின் 1-க்கும் 2-க்கும் நடுவே 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும். 70 சதவீதப் பாட்டிலில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது இந்த வேலைக்கு ஆகாது. மென்மையான பிரஷால் தேய்த்து, கரைந்த ஃப்ளக்ஸ் போர்டிலேயே பரவிக் காய்வதற்குள் நூல் விடாத துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு தடவை தேய்த்தால் ஃப்ளக்ஸ் இடம் மாறும், அவ்வளவுதான். மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. சாக்கெட்டுக்கு அடியில் புகுந்திருக்கும் ஆல்கஹால் உலர நேரம் எடுக்கும். ஓர் இரவு விட்டுவிடுவது உத்தமம். அவசரப்பட்டு ஈரத்தோடு ஃபேன்டம் போட்டால் முன்பைவிட மோசமாகப் பொரியும்.

மறுநாள் அதே பிளக், அதே கேய்ன், அதே 5 நிமிடப் பதிவு. பொரிச்சல் போய்விட்டது. முதல் இரண்டு நிமிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் டிக் என்று கேட்டது, அது இரண்டு சேனலிலும் இருந்தது. நாள்கணக்கில் வோல்ட்டேஜ் பார்க்காத எலெக்ட்ரோலைடிக் கெபாசிட்டர் மறுபடி நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. கால் மணி நேரம் ஆகியும் ஒரு பக்கம் மட்டும் அடங்கவில்லை என்றால், பழுது பார்க்கும்போது அந்தக் கெபாசிட்டரும் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். பிளஸ் முனை மைக் சாக்கெட் பக்கம் இருக்க வேண்டும், ஏனெனில் 48 வோல்ட் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. தாங்கும் அளவு 63 வோல்ட்டாக இருந்தால் நிம்மதி. 50 வோல்ட் போட்டிருந்தால் விளிம்பில் ஓடுகிறது. தலைகீழாகப் போட்டிருந்தால் வீங்கும் வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்து ஹம். ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரம் வரைந்து பார்த்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூர்மையான முனைகள். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக ஓடும் இடத்தில் இதுவே 60, 120, 180. பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் ஹம் குறைகிறது என்றால், எங்கோ ஒரு உலோகப் பகுதி தரையோடு சேராமல் தொங்குகிறது. தொட்டால் கூடுகிறது என்றால் கதை வேறு, அப்போது பெரும்பாலும் சிக்னல் கம்பிகளில் ஒன்று அறுந்து கிடக்கும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டு லீடின் ஓம் அளவை முதலில் குறித்துக்கொண்டு, பின் 1-க்கும் சாக்கெட்டின் உலோக உடலுக்கும் நடுவே பார்த்தேன். வலதில் லீடின் அளவைத் தாண்டி ஒன்றுமே இல்லை. இடதில் இணைப்பே இல்லை. சாக்கெட்டின் உடல் பேனலைத் தொடும் இடத்தில் பல்லுள்ள வாஷர் விடுபட்டிருந்தது. பேனலின் பெயின்ட் மேலேயே உலோகம் உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் பெயின்ட்டைச் சுரண்டி, வாஷரைப் போட்டு இறுக்கியதும் ஹம் இரைச்சலுக்குள் மறைந்தது. சுரண்டிய தூள் ஒரு பொட்டுகூட உள்ளே இருக்கக் கூடாது.

ஹம் ஒரே சீராக இல்லாமல் விட்டு விட்டு வந்தால் பின் 1-இன் பற்றவைப்பைப் பாருங்கள். அது பெரிய செம்புப் பரப்போடு சேர்வதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சிறிய முனையுள்ள பற்றவைப்பு இரும்பால் சரியாக ஒட்டாத டிரை சால்டர்தான் விழும். ஈயமில்லாத சால்டர் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும், அதனால் பளபளப்பை நம்பாதீர்கள். பின்னைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு விழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். பதிவு ஓடும்போது மரக்குச்சியால் மெல்ல அழுத்தினால் சத்தம் சொல்லிவிடும்.

மூன்றாவது, மோனோ. ஒரு டைனமிக் மைக்கை (ஃபேன்டம் தேவையில்லாத மைக்), ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் மூலம் இரண்டு சேனலுக்கும் கொடுத்து, ஃபேன்டம் ஆஃபில் பேசிப் பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் வலதில் மேலே ஏறுகிற இடத்தில் இடதில் கீழே இறங்கியது. சேர்த்தால் குரல் மொத்தமும் மறைந்தது. பின் 2-உம் 3-உம் மாறியிருக்கின்றன. இந்தச் சாக்கெட்டிலிருந்து போர்டுக்குக் கம்பிகள் ஓடுகின்றன. கம்பியின் நிறத்தைப் பார்த்துப் பற்றவைத்தால் இப்படி ஆகும், எந்த நிறம் எந்தப் பின் என்பதில் எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. சாக்கெட்டின் உடலில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அதைப் படித்து, வலது சேனலில் எந்த எண் போர்டின் எந்தப் புள்ளிக்குப் போகிறது என்று மீட்டரின் கன்டினியூட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) பார்த்து, அதே மாதிரி இடதையும் மாற்றினால் முடிந்தது. இந்தக் கோளாறோடு ஏற்கெனவே எடுத்த பதிவுகள் வீணில்லை. இடது தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இன்வெர்ட் (அலையைத் தலைகீழாக்கும் கட்டளை) கொடுத்தால் முழுதாகத் திரும்பிவிடும்.

மாற்றிய பிறகு அதே ஒய் கேபிள் பதிவில் ஒரு தடத்தை வேண்டுமென்றே இன்வெர்ட் செய்து சேர்த்துப் பாருங்கள்; எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு ஒற்றுமை. இரண்டு சேனலுக்கும் அரை டெசிபல் வித்தியாசம் இருந்தால் மிஞ்சுவது 25 டெசிபல் கீழே நிற்கும், 0.1 டெசிபல் என்றால் ஏறக்குறைய 39. இந்தக் கருவியில் 33 வந்தது. கேய்ன் திருகு அனலாக் என்றால் அது நல்ல எண்தான்.

கடைசியாக, ஃபேன்டம் ஆனில் வைத்து இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பதிவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடது பிளக்கை லேசாக ஆட்டி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; குறித்த நேரங்களில் கோப்பில் ஏதாவது முள் தெரிந்தால் அந்தக் கோப்பையும் நேரத்தையும் பழுது பார்த்தவருக்கு அனுப்புங்கள். "கரகரங்குது" என்று சொல்வதைவிட, "1 மணி 20 நிமிடத்தில், பிளக்கை மேலே தூக்கினால், இடது சேனலில் மட்டும்" என்று சொன்னால் அவர் நேராக அந்த இடத்துக்குப் போவார். முதல் நாள் எடுத்த 150 ஓம் பதிவையும் இப்போது எடுத்ததையும் அழிக்காமல் வைத்திருங்கள், அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அதுதான் கையில் இருக்கும்.