புதுத் தளமும் மூன்று கதவுகளும்: மட்டம் சேர்த்த கதை

திருநகரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் போர்டிகோ போட்டதில், மாடியில் 18 அடிக்கு 12 அடி புதிதாக ஒரு திறந்த தளம் கிடைத்தது. வீட்டுப் பக்கமிருந்து மூன்று கதவுகள் அதில் திறக்கின்றன. மூன்றுக்கும் உள்தரை ஒரே உயரத்தில் இல்லை, ஏனென்றால் வீடு வேறு வேறு காலத்தில் கட்டப்பட்டது. காங்கிரீட் போட்டு முட்டு பிரித்தாகிவிட்டது. அதற்கு மேல் வாட்டம் (தண்ணீர் வழிந்தோடக் கொடுக்கும் சரிவு), ஓடு எல்லாம் தெரிந்த கொத்தனார் அண்ணன் ஒருவரை வைத்துக்கொண்டு நானும் கூட நின்று செய்வதாக முடிவு செய்தேன். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் டியூப் லெவல். கண்ணாடி போலத் தெரியும் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்ப்பது. டியூபுக்குள் ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் முழு நீளத்தையும் தரையில் விரித்துப் போட்டு, குமிழியை விரலால் தட்டித் தட்டி வெளியேற்றினோம். படுக்கையறைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு கோடு. அதே மட்டத்தைச் சுற்றுச்சுவர் முழுக்க மாற்றி நூல் அடித்தோம். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கித்தான். புதுக் காங்கிரீட்டே ஒரு மூலையில் மூன்று நூல் (கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) தாழ்ந்திருந்தது. அதைத் தரையென்று நம்பி அளந்தால் எல்லாமே கோணலாகப் போகும்.

புதுக் காங்கிரீட்டின் சராசரி மட்டத்திலிருந்து மாடிப்படிக் கதவின் உள்தரை 7 இஞ்ச், படுக்கையறை 5½ இஞ்ச், துணி துவைக்கும் அறை வெறும் 4 இஞ்ச் உயரம் வந்தது. அந்த 4 இஞ்ச்தான் வேலை முழுவதையும் முடிவு செய்தது.

நம் பக்கம் மொட்டைமாடிக்கு வழக்கமாகச் செய்வது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டி, அதன்மேல் தட்டோடு பதிப்பது. தண்ணீர் இறங்கும் குழாயடியில் ஜல்லி 2 இஞ்சாவது வேண்டும். கலவையும் ஓடும் சேர்ந்தால் அங்கேயே 3¼ இஞ்ச். 80 அடிக்கு 1 அடி வாட்டம் என்று வைத்தால், 12 அடி தள்ளியிருக்கும் கதவுப் பக்கம் இன்னும் 1¾ இஞ்ச் ஏறும். ஆக அங்கே தளம் 5 இஞ்ச், உள்ளே தரை 4 இஞ்ச். அதாவது, வெளித்தளம் அறையைவிட ஒரு இஞ்ச் மேலே. ஐப்பசி மழையில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"வாட்டத்தைக் குறைச்சுப்புடலாம் தம்பி" என்றார் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாட்டம் குறைந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் பாசி பிடிக்கும், வழுக்கும். குறைப்பதென்றால் கனத்தைத்தான் குறைக்க வேண்டும். கீழே படுக்கையறை இருந்தால் நான் செங்கல் ஜல்லித் தளத்தை விட்டிருக்க மாட்டேன். மதுரை வெயிலுக்கு அதைப்போல் சூடு தாங்குவது வேறில்லை. ஆனால் இங்கே கீழே நிற்பது கார். அதனால் ஜல்லியை விட்டுவிட்டு, காங்கிரீட்டின்மேல் நேராக இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, அதன்மேல் குழாயடியில் 1 இஞ்சில் தொடங்கும் சிமெண்டுக் கலவை, கடைசியாக வெயில் சூட்டைக் குறைக்கும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் என்று மாற்றினோம். குழாயடியில் மொத்தம் 2 இஞ்ச், கதவடியில் 3¾. உள்தரையைவிட இரண்டு நூல் கீழே வந்துவிட்டது. வாட்டத்தில் கை வைக்கவில்லை. போர்டிகோவுக்குப் பாரமும் குறைந்தது.

இரண்டு நூல் போதாது. துணி துவைக்கும் அறையின் கதவு கிழக்குப் பார்த்தது; வடகிழக்குப் பருவமழையில் சாரல் நேராக முகத்தில் அடிக்கும். அங்கே தடுப்பு வேண்டும். அண்ணன் 4 இஞ்ச் உயரம் சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஈரத்துணி வாளியோடு அந்த வழியாகத்தான் போவார்கள். அதனால் செங்கலையும் பலகைத் துண்டுகளையும் வாசலில் அடுக்கி, உயரத்தை மாற்றி மாற்றி வைத்து அம்மாவையே தாண்டிப் பார்க்கச் சொன்னேன். 4 இஞ்சுக்கு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினார்கள். 2½ இஞ்சுக்கு வாளியோடு சாதாரணமாக நடந்தார்கள். சரி, அதுவே அளவு.

இனி கதவை அடியில் அறுக்க வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம். கதவு உள்பக்கம் திறக்கிறது, சுவர் 9 இஞ்ச், நிலை உள்சுவரோடு ஒட்டியிருக்கிறது. கதவுப் பலகையின் வெளிமுகத்திலிருந்து வெளிச்சுவர் வரை ஏழரை இஞ்ச் இடம் சும்மா இருக்கிறது. அந்த இடத்துக்குள் மட்டும் 1¾ இஞ்ச் உயரத்துக்குக் காங்கிரீட் திட்டு போட்டு, மேலே முக்கால் இஞ்ச் கிரானைட். கதவு சாத்தும்போது கல்லின் உள்முகத்தில் வந்து அணைந்து நிற்கிறது. நிலையின் இரண்டு கால்களுக்கும் கல்லில் மூலை வெட்டிக் கொடுத்தோம். கல் மேலூர்ப் பக்கத்துப் பட்டறையில் மிச்சம் கிடந்த கறுப்புத் துண்டு.

இந்த இடத்தில் வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான் முக்கியம், அவசரப்படக்கூடாது. மற்றச் சுவர்களில் பூச்சை 8 இஞ்ச் வரை மேலேற்றிவிட்டோம். தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையால் வளைவு கொடுத்து, வலைத்துணி பதித்து. வாசலில் அவ்வளவு உயரம் கிடையாது. அதனால் பூச்சைத் திட்டின் வெளிமுகத்தில் ஏற்றி, அதன் மேற்பரப்பிலும் மடக்கி, அது காய்ந்த பிறகுதான் கல்லைப் பதித்தோம். கல் வெளியே முக்கால் இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும், மேல்முகம் ஒரு நூல் வெளியே சாய்வு. அடிப்பக்கத்தில் விளிம்புக்கு அருகே கிரைண்டரால் ஒரு காடி, அதாவது ஒரு பள்ளக்கோடு, இழுத்தேன். காடி இல்லையென்றால் தண்ணீர் கல்லின் அடியைத் தொட்டுக்கொண்டே ஊர்ந்து சுவருக்குப் போய்விடும். காடி இருந்தால் அங்கேயே சொட்டாக விழுந்துவிடும். குவளையால் ஊற்றிப் பார்த்தேன். சொட்டுகள் வரிசையாகக் காடியிலிருந்து விழுந்தன, சுவர் காய்ந்தே இருந்தது.

அடைப்புதான் அடுத்த பயம். பக்கத்து வீட்டு வேம்பு இலையை எங்கள் தளத்தில்தான் கொட்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் எங்கே ஏறும்? தாழ்ந்த கதவுக்குத்தான். அதனால் கைப்பிடிச் சுவரில் இன்னொரு 2 இஞ்ச் குழாய் பதித்தோம். அதன் அடிமட்டம் காங்கிரீட்டிலிருந்து 3 இஞ்ச், அதாவது துணி துவைக்கும் அறைத் தரையைவிட ஒரு இஞ்ச் கீழே. கீழ்க்குழாய் முழுவதும் அடைத்தாலும் வாசலைத் தொடுமுன் தண்ணீர் தெருவில் கொட்டும். கொட்டுவது கண்ணில் படும், அடைப்பு எடுக்க ஆள் வரும். மூன்று கதவு வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இந்தச் சின்னக் குழாய்தான். கதவுள்ள எந்த மாடித்தளத்துக்கும் இதை வைக்கச் சொல்வேன்.

மற்ற இரண்டு கதவுகளும் எளிது. மாடிப்படிக் கதவு பக்கச்சுவரின் நடுவில் இருப்பதால் அங்கே தளம் 3 இஞ்ச். ஒரே ஒரு 4 இஞ்ச் படி, கால் தானாகப் பழகிவிடும். படுக்கையறையில் கிடைத்தது 1¾ இஞ்ச் இறக்கம். இது ஒருவிதத்தில் ஆபத்தான அளவு, படி என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கால் தட்டும். அங்கேயும் விளிம்பில் அதே கறுப்புக் கல்லைப் பதித்தோம். வெள்ளை டைல்ஸுக்குப் பக்கத்தில் கறுப்பு விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. ராத்திரிக்கு நிலைக்கு மேலே ஒரு சின்ன பல்பு.

டைல்ஸ் ஒட்டி, மேலே ஈரச்சாக்கு போட்டு வைத்த பிறகு, கீழ்க்குழாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிறுத்தினோம். குழாயடியில் ஒரு இஞ்ச் நின்றது, தளத்தில் பாதி நனைந்தது, அதற்குமேல் மேல்குழாய் வழியாக வெளியேறிவிட்டது. இரண்டு நாள் அப்படியே விட்டும் போர்டிகோ உட்கூரையில் ஈரக்கறை இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் இடியோடு நல்ல மழை, காற்றும் கிழக்கிலிருந்து. துணி துவைக்கும் அறையின் உள்ளே கதவடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். கீல் பக்கத்து மூலையில் மட்டும் ஒரு கைவிரல் அகலத்துக்கு நனைந்திருந்தது. அது கல்லுக்கும் நிலைக்காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

அந்த இடைவெளியில் சீலன்ட், அதாவது ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை, இழுக்க வேண்டும். புதுத் தளம் பழைய சுவரைத் தொடும் நீளம் முழுக்கவும் அதையேதான் போடப்போகிறேன். இரண்டும் வேறு வேறு காலத்துக் கட்டடம். வெயிலுக்கு ஒன்றுபோல் விரியாது, சிமெண்டு வைத்தால் வெடித்துவிடும். கீழ்க்குழாய் வாய்க்கு இலை தடுக்கும் சல்லடை மூடி சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இரண்டையும் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால், ஐப்பசியில் மறுபடி செய்தித்தாள் விரித்துப் பார்ப்பேன்.