தமிழ்ப் பள்ளிக்கு டிபிஎஸ் எடுத்தபோது பட்ட பாடு

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த தொண்டர்களின் டிபிஎஸ் (DBS, பிள்ளைகளோடு பழகுவோரின் குற்றப் பின்னணியைப் பார்க்கும் அரசுச் சோதனை) வேலை ஒருவழியாக முடிந்தது. இதற்கு வேண்டிய விரிவான சோதனைக்கான விண்ணப்பத்தைத் தனியாள் நேரடியாக அனுப்ப முடியாது, பதிவு பெற்ற அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். ஒன்லைன் படிவம் நிரப்ப அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் பாடு.

முதல் வில்லங்கம் பெயர். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். வங்கிக் கணக்கில் அதே பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வீட்டு வரி) பில்லில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நம் ஆட்களுக்கு மட்டுமே புரியும். 'முன்பு பயன்படுத்திய பெயர்கள்' என்ற இடத்தை வெறுமையாக விட்டவர்களின் விண்ணப்பங்கள்தான் திரும்பி வந்தன. கல்யாணத்துக்கு முந்திய பெயரை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று சேர்த்தே எழுதுங்கள். "அது ஊர்ப் பெயர், இங்கே யாருக்குத் தெரியும்" என்று விட வேண்டாம். இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. 2002இல் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன் ஒரு பள்ளிப் பராமரிப்பாளன். அவனை வேலைக்கு எடுக்கும்போது அவனுடைய இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டுமே பொலிஸ் தேடிப் பார்த்திருந்தது. 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை அதையெல்லாம் கிளறியது. அதன் தொடர்ச்சியாக, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைத் தடுக்கும் சட்டம் 2006இல் வந்தது.

அடுத்தது முகவரி. கடந்த 5 ஆண்டுகள், இடையில் ஒரு மாதம்கூட விடுபடாமல். வீடு மாறும்போது மச்சான் வீட்டில் ஆறு வாரம் தங்கியதும் கணக்குத்தான். வெளிநாட்டு முகவரியும் அப்படியே. படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, மாதமும் போஸ்ட்கோட்டும் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்களுக்கு இந்தப் புத்தி பிந்தித்தான் வந்தது.

அண்மையில் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. வெளிநாட்டுக் குற்றப் பதிவுகளை டிபிஎஸ் பார்ப்பதில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்கள் பொலிஸ் தலைமையகத்துக்கு ஒன்லைனில் விண்ணப்பித்து நற்சான்றிதழ் எடுக்கலாம், இந்தியர்கள் தூதரகம் வழியாக. எங்கள் பள்ளி இதையும் கேட்டது. கேட்டது சரிதான், ஆனால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அசல் ஆவணம் காட்டும் நாளில் கைபேசி பில் கொண்டு வந்தவர்கள் சும்மா திரும்பினார்கள். அது முகவரிச் சான்று ஆகாது. ஆப்பிலிருந்து வீட்டில் பிரிண்ட் எடுத்த வங்கிக் கூற்றையும் சரிபார்த்தவர் ஏற்கவில்லை. கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ ஒன்று, அதோடு இன்னும் இரண்டு ஆவணம் வேண்டும். வங்கிக் கூற்று 3 மாதத்துக்குள், கவுன்சில் டாக்ஸ் பில் 12 மாதத்துக்குள். உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. தொண்டருக்கு டிபிஎஸ் இலவசம், விண்ணப்பத்தை அனுப்பும் அமைப்பு மட்டும் தன் சேவைக் கட்டணத்தை எடுக்கும். ஆனால் பஸ் காசு போன்ற செலவுக்கு மேல் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தாலும் அவர் தொண்டர் இல்லை, விரிவான சோதனைக்கு £49.50 கட்ட வேண்டும். 'தடைப் பட்டியல்' (பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டோர் பட்டியல்) பெட்டியையும் எல்லாருக்கும் டிக் செய்யாதீர்கள். மேற்பார்வை இல்லாமல் வாரம் ஒருமுறையாவது, அல்லது 30 நாளில் 4 நாளாவது பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவருக்குத்தான் அது. விழா நாளில் தேநீர் ஊற்ற வரும் பெற்றோருக்கு அதைக் கேட்பதே சட்டப்படி தவறு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட உதவியாளர்களுக்கு டிபிஎஸ் எடுக்கவே முடியாது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒருவர் ஏற்கெனவே தன்னிடம் சான்றிதழ் இருக்கிறது என்று நீட்டினார். அது பெரியவர்களுக்கான பிரிவில் எடுத்தது, பிள்ளைகளுக்குச் செல்லாது.

பிறகு காத்திருப்பு. மொத்தம் ஐந்து கட்டம். பெரும்பாலும் சிக்குவது நான்காவதில், உள்ளூர் பொலிஸிடம். 60 நாள் தாண்டினால் டிபிஎஸ்ஸுக்கு அறிவித்து முடுக்கிவிடலாம். அதற்கு முன் போன் போட்டுப் பலனில்லை.

சான்றிதழ் பள்ளிக்கு வராது, விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே போகும். வந்ததும், அதில் போட்டிருக்கும் திகதியிலிருந்து 30 நாளுக்குள், சான்றிதழை நடப்பில் வைத்திருக்கும் டிபிஎஸ் அப்டேட் சேவையில் பதிந்துவிடுங்கள். தொண்டருக்கு இதுவும் இலவசம், மற்றவர்களுக்கு ஆண்டுக்கு £16. அடுத்த முறை இந்தக் கூத்து எதுவும் வேண்டாம், சான்றிதழ் எண்ணை வைத்தே பள்ளி ஒன்லைனில் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் வீட்டில் வந்த சான்றிதழை விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். தொலைத்ததற்கு மறுபிரதி கிடையாது, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. முகவரித் தாள் கையில் இருந்ததால் படிவம் மட்டும் பத்து நிமிடத்தில் முடிந்தது.