அறை தனி, கூரை பொது

செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்க்கப் போனால் எல்லோரும் முதலில் சுவரைத்தான் காட்டுவார்கள். நான் ஏணி கேட்பேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் நான் வேலை பார்த்த வீடுகளில் கேடு பெரும்பாலும் கூடுவாயில்தான் தொடங்கியிருந்தது. நாட்டு ஓட்டுச் சரிவுகள் இரண்டு சேரும் அந்த மூலையில் சருகு அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழை முற்றத்தில் விழாமல் பர்மா தேக்கு உத்தரத்தில் இறங்கும்.

ஓட்டைப் பிரித்து மேய்வது எளிது. சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிகளுக்குப் பிரிக்கப்பட்டவை. முகப்பும் முற்றமும் கூரையும் பங்காளிகள் அனைவருக்கும் பொது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த வருமானம் நின்றது. பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போனார்கள். இன்று ஒழுகும் அறையின் சாவி சிங்கப்பூரில் இருக்கும். ஈரமோ அடுத்த பங்காளியின் சுவரில் தெரியும்.

“தனித்தனியாகப் போனில் கேட்காதீர்கள். படைப்புக்கு எல்லோரும் வருவார்கள், அன்றைக்குக் கேளுங்கள்” என்றார் ஓர் ஆச்சி. முன்னோருக்குப் படைத்து, ஒன்றாக அமர்ந்து சாப்பிட்ட பிறகு, கூரைக்குப் பணம் தர ஒருவர்கூட மறுக்கவில்லை. எந்தப் பொறியியல் பாடமும் எனக்குச் சொல்லித்தராத யோசனை அது.

அதே வீட்டின் ஒரு சுவரில் முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு பூத்து, பழைய செங்கல் மாவாக உதிர்ந்திருந்தது. அதைக் கொத்தியெடுத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் படலம் படலமாக ஏற்றினோம். ஒவ்வொரு படலமும் இறுகும்வரை காத்திருந்தோம். கடைசிப் படலத்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கொத்தனார் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்.

இந்த ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் இடித்த வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு நிபந்தனை எழுதி வாங்குகிறேன்: ஆண்டுதோறும் புரட்டாசியில் கூடுவாயைச் சுத்தம் செய்து ஓடு மாற்ற, பூட்டிக் கிடக்கும் அறைக்காரர் உட்பட எல்லாப் புள்ளிகளும் பணம் போட வேண்டும்.